மூன்றாம் ஆளுக்கு அடிபட்டால்

அமராவதியக்காவின் இடது கால் போனதற்குக் காரணம் நான்தான்.

வானை ஓட்டிய யோகராஜ் அல்ல. வளைவில் எதிரே வந்த பஸ் அல்ல. மூடுபனியும் அல்ல. ஊரார் இன்றுவரை பயத்தோடு சொல்லிக்கொண்டிருக்கும் அந்தக் கல்லும் அல்ல... நான்! அந்த வண்டியை நான் ஓட்டவில்லை. ஒரு சொல்லைச் சொன்னேன். பிறகு சொல்ல வேண்டிய ஒன்றைச் சொல்லாமல் இருந்தேன். இரண்டையும் உங்கள் முன் வைக்கிறேன். நடுநடுவே என்னை நானே நியாயப்படுத்திக்கொள்ளப் பார்ப்பேன். அது என் பழைய பழக்கம்; அந்த இடங்களில் நீங்கள் என்னை நம்பாதீர்கள்.

தொண்ணூறுகளில் நான் இலங்கையின் மலைநாட்டில், பண்டாரவளையில் இருந்துகொண்டு வாகனக் காப்புறுதி, அதாவது இன்சூரன்ஸ், விற்றேன். பிறந்தது தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். கொஞ்சம் படிப்பு, கொஞ்சம் சிங்களம், கொஞ்சம் ஆங்கிலம், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை... தோட்டத்து ஆட்கள் வான் வாங்கினாலும் லொறி வாங்கினாலும் என்னைத்தான் தேடி வருவார்கள். நம்ம புள்ள நம்மள ஏமாத்தாது என்பார்கள். வயதில் மூத்தவர்கள்கூட என்னை ஐயா என்றார்கள். எனக்கு அது பிடித்திருந்தது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

நான் விற்ற சரக்கு என்னவென்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் என் குற்றம் உங்களுக்கு விளங்காது.

சட்டப்படி எந்த வண்டிக்கும் இருந்தாக வேண்டியது மூன்றாம் தரப்புக் காப்புறுதி. முதல் தரப்பு வண்டிக்காரர். இரண்டாம் தரப்பு கம்பெனி. மூன்றாம் தரப்பு என்பது வெளியே, தெருவில் போகிறவர். உங்கள் வண்டி மோதி அவருக்குக் காயமோ சாவோ நேர்ந்தால், நீங்கள் கொடுக்க வேண்டிய நட்டஈட்டைக் கம்பெனி கொடுக்கும். நான் விற்ற பொலிசியில் வண்டிக்குள் காசு கொடுத்து ஏறியவர்களுக்கு இடமில்லை. அவர்களுக்கென்று தனியாகக் கட்ட வேண்டும். அப்படிக் கட்டினாலும் ஆளுக்கு இவ்வளவு, ஒரு விபத்துக்கு இவ்வளவு என்று வரையறை உண்டு. அதற்கு மேலே போனால் மிச்சம் வண்டிக்காரர் தலையில். 'பொறுப்பின் எல்லை' என்று அதற்குப் பெயர்.

இவ்வளவுதான் விஷயம். உங்களுக்குப் புரிந்துவிட்டதல்லவா? யோகராஜுக்கும் புரிந்திருக்கும்... நான் புரிய வைத்திருந்தால்!

யோகராஜ் கொஸ்லந்தைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றைச் சேர்ந்தவன். தம்பியும் அவனுமாகக் கொழும்பில் கடைகளில் நின்று சேர்த்த பணத்தில் ஒரு பழைய வான் வாங்கியிருந்தான். மரக்கறி மூட்டையும் ஏற்றுவான், ஆட்களையும் ஏற்றுவான். அவன் வீட்டு வாசலில் வைத்துத்தான் பொலிசியை விளக்கினேன். மூன்றாம் தரப்பு என்றால் முழிப்பானே என்று 'மூணாம் ஆளு' என்றேன். சாமர்த்தியமாகப் பேசுவதாக எனக்கு நினைப்பு.

அவன் வாசலில் நின்ற வானைத் திரும்பிப் பார்த்தான். விரல்விட்டு எண்ணினான்.

"அப்ப மொத ஆளு ஓட்டுற நானு. ரெண்டாம் ஆளு பக்கத்து சீட்டு. மூணாம் ஆளு பின்னால இருக்கிறவங்க. அவங்களுக்கு அடிபட்டா கம்பெனி குடுக்கும். சரிங்களா ஐயா?"

சரியில்லை! எந்த விதத்திலும் சரியில்லை. ஆனால் மழை இருட்டிக்கொண்டு வந்தது. திரும்பிப் போகிற பஸ் எந்த நிமிஷமும் வரலாம். ஆட்களை ஏற்றுவதற்கு வேறு பொலிசி வேண்டும், அதற்குக் கூடக் கட்ட வேண்டும் என்று ஆரம்பித்தால் அவன் யோசித்துச் சொல்கிறேன் என்பான். நாளைக்கு வேறொரு ஏஜெண்ட் வந்து எழுதிக்கொண்டு போவான். அந்த மாதம் எனக்கு வியாபாரம் படு மோசம்.

"அப்படித்தான் வச்சுக்குங்க" என்றேன்.

அந்தச் சொல்லைக் கவனியுங்கள். நான் 'ஆமாம்' என்று சொல்லவில்லை... வச்சுக்குங்க என்றுதான் சொன்னேன். எத்தனை வருஷம் இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன் தெரியுமா? பொய் சொல்லவில்லை, அவனாக அப்படி வைத்துக்கொண்டான் என்று! அவன் சந்தோஷமாக உள்ளே போய்ப் பணத்தை எடுத்து வந்தான். தேத்தண்ணியும் கொடுத்தான், குடித்துவிட்டு வந்தேன்.

அவன் வைத்துக்கொண்டான். மற்றவர்களும் வைத்துக்கொண்டார்கள். பின் சீட்டில்தான் இன்சூரன்ஸ் இருக்கிறதாம் என்ற பேச்சு கொஸ்லந்தையிலிருந்து ஹல்துமுல்லைக்கும், அங்கிருந்து அப்புத்தளைக்கும் ஏறி வந்தது. வான்காரர்கள் வயதானவர்களையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் பின்னால் ஏற்றினார்கள். என்னிடம் பொலிசி எடுக்க வந்தவர்கள், அந்த மூணாம் ஆளு பொலிசிதானே என்று அவர்களாகவே கேட்டார்கள். நான் தலையாட்டினேன். வியாபாரம் நன்றாக நடந்தது.

பிறகுதான் அந்தக் கல் வந்தது.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு, உங்கள் வீட்டிலும் இருந்திருக்கலாம். நல்ல காரியத்துக்கு மூன்று பேராகக் கிளம்பக் கூடாது. பெண் பார்க்க மூன்று பேர்தான் தேறுகிறார்கள் என்றால், வழியில் ஒரு கல்லை எடுத்துக் கையில் வைத்துக்கொள்வார்கள். அது நாலாவது ஆள். இதை நான் சிறு வயதிலிருந்து பார்த்திருக்கிறேன், சிரித்தும் இருக்கிறேன்.

ஒருநாள் காலையில் பெரகலைக்குப் பக்கத்தில் பஸ்ஸுக்காக நின்றேன். எதிரே நிற்பவன் முகம் தெரியாத மூடுபனி. அதற்குள்ளிருந்து யோகராஜின் வான் மெதுவாக வெளியே வந்தது. முன் சீட்டில் சேலையை முக்காடிட்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். தெரிந்த ஆளாக இருக்கும் என்று கையைத் தூக்கினேன். அவள் அசையவில்லை. வான் என் முழங்கையை உரசுகிற தூரத்தில் கடந்தபோது பார்த்தேன்... முக்காட்டுக்குள் முகம் இல்லை! பழஞ்சேலை சுற்றிய ஒரு கருங்கல். உச்சியில் குங்குமம். அதற்குப் பின்னால், மூட்டைகளுக்கு நடுவே, ஒரேயொரு கிழவர் நிம்மதியாக உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

அடுத்த முறை யோகராஜைக் கண்டபோது என்ன அது என்று கேட்டேன். அவனுக்கு ஆச்சரியம், எனக்குத் தெரியாதா என்று. ஒற்றை ஆளை ஏற்றினால் அந்த ஆள் ரெண்டாம் ஆளாகிவிடுவார், இன்சூரன்ஸ் கிடைக்காது. கல்லை முன்னால் வைத்துவிட்டால் கல்தான் ரெண்டாம் ஆள். பின்னால் இருப்பவர் மூணாம் ஆள். காசு கொடுத்து ஏறுகிறவர்களை அநியாயமாக விட்டுவிட முடியாதே என்றான்.

அவன் நல்லவன். அந்த இடத்தில், அந்த நேரத்தில், தம்பி இது முட்டாள்தனம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் அவன் என்ன கேட்பான்? நீங்கதானே சொன்னீங்க என்பான்! இவனுக்குச் சொன்னால் மற்றவர்களுக்கும் சொல்ல வேண்டும். நல்ல யோசனை என்றேன்... இல்லை, அதுகூடச் சொல்லவில்லை. சிரித்தேன். அவன் அதையும் எப்படியோ வைத்துக்கொண்டான்.

அந்த மழைக்காலம் முழுக்க, பனிக்குள் வருகிற வான்களின் முன் சீட்டுகளில் அந்த உருவங்களைக் கண்டேன். சிலவற்றுக்குப் பூச்சரம். ஒன்றுக்குக் கண்மை எழுதியிருந்தார்கள். பண்டாரவளை ஸ்டாண்டில் வரிசையாக நிற்கும் வண்டிகளுக்குள்ளிருந்து அவை என்னையே பார்ப்பதாகத் தோன்றும். குளிரில் எனக்கு முதுகு வேர்க்கும். கல் எப்படிப் பார்க்கும் என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொண்டு, வேறு பக்கம் சுற்றிக்கொண்டு போவேன்.

இனி அந்த நாள்.

பதுளையில் எங்கள் ஏஜெண்டுகளின் கூட்டம். முந்தின நாள் கொஸ்லந்தையில் தங்கிவிட்டுக் காலையில் கிளம்பினேன். பஸ் வரவில்லை. யோகராஜின் வான் வந்து நின்றது. முன் சீட்டில் கல் இல்லை, அமராவதியக்கா இருந்தார். தேயிலைக் கொழுந்து பறிக்கிறவர், கணவர் இல்லை, ஒரே மகளுக்குக் கலியாணம் பேசி வைத்திருந்தார். பதுளை ஆஸ்பத்திரியில் கிடந்த அண்ணனைப் பார்க்கக் கிளம்பியிருந்தார். பின்னால் உட்கார்ந்தால் வாந்தி வரும் என்று கெஞ்சி முன்னால் ஏறியிருக்கிறார். யோகராஜ் அரை மனதோடு சம்மதித்துக் கல்லை அவர் காலடியில் வைத்திருந்தான்.

என்னைக் கண்டதும் அவனுக்கு வழி கிடைத்துவிட்டது. ஐயா வெள்ளைச் சட்டை போட்டிருக்கிறார், மூட்டையோடு எப்படி உட்காருவார், நீங்கள் பின்னால் போங்கள், அங்கேதான் உங்களுக்கு இன்சூரன்ஸ் என்று அக்காவிடம் சொன்னான். அவர் மறுபேச்சில்லாமல் இறங்கினார். இறங்கியவர் என் முகத்தைப் பார்த்துத் தயங்கி நின்றார்.

"ஐயா, முன்னால ஒங்களுக்கு இன்சூரன்ஸ் இல்லையே. நீங்க பின்னால இருங்க. ஒங்களுக்கும் புள்ளகுட்டி இருக்குமில்ல."

என்னைப் பற்றி அவர் கவலைப்பட்டார்! நான் எனக்குரிய பாதுகாப்பை அவருக்கு விட்டுக்கொடுப்பதாக நினைத்தார். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"பரவால்லக்கா. நீங்க போங்க" என்றேன்.

பெருந்தன்மையோடு சொன்னேன். கொஞ்சம் புன்னகைகூடச் செய்தேன். அவர் கும்பிட்டுவிட்டுப் பின்னால் ஏறினார்.

அந்தக் கல் இப்போது என் காலடியில் இருந்தது. கணுக்காலில் பட்டபோது திடுக்கிட்டேன். வெளியே எலும்பைக் குத்தும் குளிர். கல்லோ உடம்புச்சூட்டில் இருந்தது. அந்த வகை வான்களில் எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில்தான் இருக்கும், அந்தச் சூடுதான்... எனக்குத் தெரியும். தெரிந்தும் காலை இழுத்துக்கொண்டேன். எவ்வளவு இழுத்தும் அது என்னை ஒட்டியே வந்தது.

ஏற்றத்தில், ஒரு கொண்டை ஊசி வளைவில், பனிக்குள்ளிருந்து பஸ்ஸின் விளக்குகள் வந்தன. ஏறுகிற வண்டிக்குத்தான் வழிவிட வேண்டும், பஸ்காரன் விடவில்லை. யோகராஜ் பின்னோக்கி எடுத்தான். பின்னால் எதுவும் தெரியவில்லை. ஒரு சக்கரம் விளிம்பை விட்டு இறங்கியது. வான் அலறாமல், அவசரப்படாமல், பின்பக்கமாகச் சரிந்து தேயிலைக்குள் போய் ஒரு பாறையில் மோதி நின்றது.

எனக்கு ஒரு கீறல் இல்லை. முன்பக்கம் வானத்தைப் பார்த்துத் தூக்கிக்கொண்டு நின்றது. கண்ணாடிக்கு வெளியே வெள்ளை, வெறும் வெள்ளை. செத்துவிட்டேனோ என்று நினைத்தேன். அப்போது பின்னாலிருந்து குரல் வந்தது. அழுகை இல்லை, நடுக்கம் இல்லை. லயத்து வாசலில் நின்று பக்கத்துக் காம்பிராவில் விசாரிக்கிற குரல்.

"யோகு... இன்சூரன்ஸ் ஐயாவுக்கு ஒண்ணும் ஆகலயே?"

எனக்கு ஒன்றும் ஆகவில்லை அக்கா என்று நான் அன்று சொல்லவே இல்லை. பின் கதவும் பாறையும் சேர்ந்த இடத்தில் அவருடைய கால் இருந்தது.

பதுளை ஆஸ்பத்திரியில் முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள். கால் போனால் கொழுந்து இல்லை, கொழுந்து இல்லாவிட்டால் சம்பளம் இல்லை, மகளின் கலியாணமும் நின்று போகும். ஆனாலும் அக்கா கலங்கவில்லையாம். நான் மூணாம் ஆள், கம்பெனி கொடுக்கும் என்று வார்டில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாராம். யோகராஜ் வந்து என்னிடம் சொன்னான். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கம்பெனி கொடுக்கவில்லை. சொந்த உபயோகத்துக்கென்று பதிந்த வானில் காசு வாங்கி ஏற்றிய பயணி. அந்தப் பொலிசியில் அவருக்கு எதுவும் இல்லை.

யோகராஜ் பண்டாரவளைக்கு என்னைத் தேடி வந்தான். நெற்றியில் தையல். சத்தம் போடவில்லை.

"நீங்கதானே ஐயா அப்படித்தான்னு சொன்னீங்க."

"நான் எப்ப சொன்னேன்?" என்றேன்.

இதுதான்... இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் சுற்றி வந்தேன். முதல் சொல்லை மழை மேலும் பஸ் மேலும் போட்டுவிடலாம். இதை யார்மேல் போடுவேன்? வெயில் அடித்துக்கொண்டிருந்தது. எனக்கு எந்த அவசரமும் இல்லை. அவன் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னேன். அவன் சரிங்கய்யா என்று போய்விட்டான்.

அதோடும் நான் நிற்கவில்லை. காசுக்கு ஆள் ஏற்றுவதை அவன் மறைத்துவிட்டான், அதனால்தான் அந்த அம்மாவுக்குக் கிடைக்கவில்லை என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். அவன் எதையும் மறைக்கவில்லை. எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். ஊரில் அவனுக்குப் பச்சைத் தண்ணீர் கொடுக்கவும் ஆளில்லாமல் போயிற்று. ஒருநாள் ஆளையே காணோம். கொழும்பு என்றார்கள், வவுனியா என்றார்கள். யுத்தம் நடந்த அந்தக் காலத்தில் அப்படிப் போன பலரைப் போல அவனைப் பற்றியும் செய்தி வரவில்லை. உயிரோடு இருக்கிறானா என்றுகூட எனக்குத் தெரியாது.

இதோடு அந்த மூட நம்பிக்கை ஒழிந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள். நானும் நினைத்தேன். அது வளர்ந்தது! கல்லின் இடத்தில் மனிதன் உட்கார்ந்தான், கல்லுக்குக் கோபம், காலை வாங்கிவிட்டது என்றார்கள். வானிலிருந்து உருண்டு தேயிலைக்குள் கிடந்த அந்தக் கல்லைத் தூக்கி வந்து வளைவின் ஓரத்தில் நிறுத்தினார்கள். மஞ்சள் துணி கட்டினார்கள். பிறகு தகரக் கூரை, பிறகு சூலம். ரெண்டாமாளுச்சாமி என்று பெயர். லொறிகள்கூட அங்கே வேகம் குறைத்துக் காசு போட்டுவிட்டுப் போயின. என் வாயிலிருந்து விழுந்த ஒரு சோம்பேறிச் சொல்லுக்கு மணியடித்துப் பூசை நடந்தது. அந்த வழியாகப் பஸ்ஸில் போகும்போது எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். நானும் போட்டுக்கொள்வேன். நடிப்புக்காக அல்ல... பயம்.

பல வருஷம் கழித்து, தொழிலை விட்ட பிறகு, அந்த வளைவில் இறங்கினேன். அக்காவிடம் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். அவரைத் தேடி லயத்துக்குப் போக வேண்டியிருக்கவில்லை. தகரக் கூரைக்குக் கீழே, கல்லுக்குப் பக்கத்தில், விபூதித் தட்டோடு அவரே உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஊன்றுகோல். தட்டில் சில்லறை. சாமி வாங்கிய காலுக்குச் சொந்தக்காரர் கையால் விபூதி பூசினால் வண்டிக்கு ஒன்றும் ஆகாதாம்.

மத்தியானத்திலும் பனி இறங்கியிருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். மழை, பஸ், வச்சுக்குங்க, யோகராஜ், பரவால்லக்கா... ஒன்றையும் விடவில்லை. அவர் தட்டில் கிடந்த சில்லறையை ஓரமாக ஒதுக்கிக்கொண்டே கேட்டார். அதிர்ச்சியோ கோபமோ முகத்தில் வரவில்லை.

"ஆஸ்பத்திரியிலயே ஒரு நர்சம்மா சொல்லிட்டாங்க, மூணாம் ஆளுன்னா யாருன்னு" என்றார். "நீங்க வருவீங்கன்னு இருந்தேன். மக கலியாணம் நின்னப்ப வருவீங்கன்னு நெனச்சேன். யோகுவ அடிக்கப் போனாங்களே, அப்பவாவது வருவீங்கன்னு நெனச்சேன்."

தட்டில் சிதறிய விபூதியை விரலால் ஒன்றாகக் குவித்தார்.

"இப்ப இந்தச் சாமிதான் எனக்குச் சோறு போடுது. இத இங்க வேற யார்கிட்டயும் சொல்லிராதீங்க."

புரிகிறதா உங்களுக்கு? நான் உண்மையைச் சொன்னால் அவருடைய பிழைப்பு போகும். சொல்லாவிட்டால் யோகராஜ் குற்றவாளியாகவே இருப்பான். அவனுக்கு என்ன செய்வது என்று கேட்டேன். அது ஒங்க பாடு என்றார். அதனால்தான் அந்தப் பக்கத்து மனிதர்கள் யாரிடமும் சொல்லாமல், எங்கேயோ இருக்கிற உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இதனால் அவனுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை என்று எனக்கே தெரியும்.

அப்போது ஒரு வான் வந்து நின்றது. சாரதி இறங்கி வந்து பயபக்தியோடு குனிந்தான். அக்கா ஏதோ முணுமுணுத்து அவன் நெற்றியில் பூசினார். பின்னாலிருந்து இறங்கியவர்களுக்கும் ஒவ்வொருவராகப் பூசினார். நானும் அந்த வரிசையில் நின்றேன். என் முறை வந்தபோது தலையைக் குனிந்தேன்.

அவர் தட்டைத் துணியால் மூடி மடியில் வைத்துக்கொண்டார்.